அரை அடிக்கு மூன்று வீடு

"உங்க இடத்துல தாராளமா பத்து வீடு போடலாம் சார்."

வேளச்சேரியிலிருந்து எழுதியிருக்கும் வாசகரிடம் ஒரு பில்டர் சொன்னது இது. வாசகருக்கு இரண்டு கிரவுண்டு மனை. அதில் நாற்பது வருடத்துப் பழைய வீடு, வாசலில் 'முப்பதடி ரோடு'. ஆளுக்குப் பாதி என்று ஜே.வி., அதாவது கூட்டுக் கட்டுமானப் பேச்சு நடக்கிறது. பத்து வீடு என்றால் தம் பங்குக்கு ஐந்து. பிள்ளைகள் இருவருக்கும் இரண்டிரண்டு, தமக்கும் வீட்டம்மாவுக்கும் ஒன்று என்று மனதுக்குள்ளேயே பாகப்பிரிவினையை முடித்துவிட்டார். "கையெழுத்துப் போடலாமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

அதற்கு முன்னால் அந்தப் 'பத்து' எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். பில்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிக் கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டர் உயரத்துக்குள் அடங்கும் சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., 2. மனையைப் போல இரண்டு மடங்கு கட்டலாம் என்று பொருள். அப்படியானால் 9,600 சதுர அடி. பொதுவழி, படிக்கட்டு எல்லாம் உட்பட வீடு ஒன்றுக்கு 1,250 சதுர அடி என்று வைத்தால் ஏழு வீடு வரும். பத்து எப்படி வந்தது?

பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. மூலமாகத்தான். அரசுக்குக் கட்டணம் செலுத்தி, வழக்கமான அளவுக்கு மேல் கட்டிக்கொள்ளும் உரிமையை வாங்குவது இது. எவ்வளவு வாங்கலாம் என்பதை உங்கள் பணம் தீர்மானிப்பதில்லை, வாசலில் உள்ள சாலை தீர்மானிக்கிறது. சாலை அகலம் 9 மீட்டர் முதல் 12 மீட்டருக்குள் என்றால் 30 சதவீதம் கூடுதல்; 12 முதல் 18க்குள் 40; 18ம் அதற்கு மேலும் என்றால் 50. ஒன்பது மீட்டருக்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது.

வாசகரின் மனையில் 30 சதவீதம் கூட்டினால் குறியீடு 2.6 ஆகும். பரப்பு 12,480 சதுர அடி. இதோ பில்டரின் பத்து வீடு.

இனி அந்த 'முப்பதடி ரோடு'. ஒன்பது மீட்டரை அடியாக மாற்றினால் இருபத்தொன்பதரை அடிக்குக் கொஞ்சம் கூட வரும். ஆக, மிச்சம் இருப்பது அரை அடிக்கும் குறைவு. எதிர்வீட்டுக்காரர் காம்பவுண்டுச் சுவரை அரை அடி முன்னால் தள்ளிக் கட்டியிருந்தால் மூன்று வீடு காணாமல் போய்விடும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதில் சூடுபட்டவன். ஒரு குடும்பத்தின் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை விவரத்தில் 'தெற்கில் 30 அடி ரோடு' என்று எழுதியிருந்ததை நம்பி வரைபடம் போட்டேன். ஆய்வுக்கு வந்தவர்கள் டேப் பிடித்தபோது ஒரு முனையில் முப்பது. நான்கு வீடு தள்ளி இருபத்தெட்டரை. ஒரு தளத்தையே குறைக்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டம்மா அதற்கப்புறம் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. பேசாததில் நியாயம் இருந்தது. பத்திரத்தில் எழுதுவது அன்றைக்கு எழுதியவரின் கண்ணளவு. மனைப்பிரிவு போட்டபோது காகிதத்தில் முப்பதாக இருந்த சாலை, மழைநீர் வடிகால், சாய்தளம், சுவர் என்று ஆளுக்குக் கொஞ்சம் தின்று இன்று எவ்வளவில் நிற்கிறதோ, அதுதான் கணக்கு.

ஆகவே முதல் வேலை: ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நூறடி டேப்பும் துணைக்கு ஓர் ஆளுமாக வெளியே வாருங்கள். உங்கள் வாசலில் மட்டும் அளக்காதீர்கள். பெரிய சாலையில் போய்ச் சேரும் இடம்வரை நான்கைந்து இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நில அளவை வரைபடத்தை, அதாவது எஃப்.எம்.பி.யையோ, மாநகர எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடான டி.எஸ்.எல்.ஆர். பிரதியையோ வாங்கி ஒப்பிடுங்கள். ஆவணத்தில் சாலை அகலமாகவும் நேரில் குறுகலாகவும் இருந்தால் ஆக்கிரமிப்பு. அதை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் பில்டர் சொல்லும் ஆறு மாதத்தில் அது நடக்காது. "நம்ம பக்கம் ஓரடி விட்டுக் கொடுத்துட்டா ஆச்சு" என்று சிலர் யோசனை சொல்வார்கள். உங்கள் வாசல் மட்டும் அகலமாவதால் சாலை அகலமாகிவிடாது.

18.30 மீட்டரைத் தாண்டும் உயரக் கட்டடங்களுக்கு இந்தக் கண்டிப்பு இன்னும் அதிகம். 18 மீட்டர் சாலை இருந்தால் அடிப்படைக் குறியீடே 3.25, பிரீமியம் சேர்த்தால் 4.87 வரை போகும். ஆனால் தகுதியான அகலம் குறைந்தது 500 மீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து இருக்க வேண்டும். சாலை வளைந்து நெளிந்து போகலாம், குறுகக்கூடாது.

சாலை தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது நிறம்.

சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் வரைபடத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிறம் உண்டு: ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், விவசாயம், நகர்ப்புறம் சாராதது என்று. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின், அதாவது சி.எம்.டி.ஏ.வின் இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் தெரிந்துவிடும். நிறம் பொருந்தாவிட்டால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4)ஆம் பிரிவின் கீழ் நில உபயோக மாற்றம் கேட்கலாம். கேட்பது உரிமை, கிடைப்பது உறுதியில்லை. 'மாற்றித் தருகிறேன்' என்ற வாய்வார்த்தையை நம்பி விவசாய நிறத்து மனைக்குக் குடியிருப்பு விலை கொடுக்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன்.

பெரும்பாலானவர்கள் நிறத்தைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜாதகத்தில் ராசியை மட்டும் பார்த்து, நடக்கிற தசை என்ன என்று கேட்காமல் முகூர்த்தம் குறிப்பது போல. நிறத்தின் மேல் வேறு சில அடுக்குகள் விரிக்கப்பட்டிருக்கும். அடியில் குடியிருப்பு என்றே இருக்கும், மேலடுக்கு வந்து 'இருக்கட்டும், ஆனால் இந்த உயரத்துக்கு மேல் கூடாது' என்றோ 'இங்கே வேண்டவே வேண்டாம்' என்றோ சொல்லும். இரண்டும் முரண்பட்டால் எது கடுமையானதோ அதுதான் நிற்கும். இதில் இன்னொரு சங்கடம், இந்த அடுக்குகள் எல்லாம் ஒரே அலுவலகத்தில் இல்லை, ஒரே வரைபடத்திலும் இல்லை.

சில அடுக்குகளை முழுமைத் திட்டமே விரித்திருக்கிறது. வடக்கே செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, தெற்கே திருவான்மியூரைத் தாண்டிக் கடலோரமாகப் போகும் நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி இரண்டும் அப்படிப்பட்டவை. நகரம் குடிக்கும் தண்ணீரைக் காப்பதற்காக, மற்ற இடங்களைவிட அங்கே கையை இறுக்கிப் பிடித்தார்கள். ஈ.சி.ஆர். மனை வாங்குகிறவர்கள் கடற்காற்றுக்கு விலை கொடுக்கும் முன் இந்த எல்லைக்கோட்டைப் பார்த்துவிடுவது நல்லது. எல்லா அடுக்கும் கட்டுப்பாடு என்று நினைக்க வேண்டாம். ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் 'தொடர் கட்டடப் பகுதி' என்று ஓர் அடுக்கு உண்டு. வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் தெருக்கள் அவை, அங்கே பக்கவாட்டில் செட்பேக், அதாவது காலியிடம், விட வேண்டியதில்லை. நான்கு செட்பேக்கும் விடச் சொன்னால் அந்த ஒடுங்கிய மனைகளில் நடைபாதைதான் மிஞ்சும்.

மற்றவை வெளியிலிருந்து வருபவை. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்றால் மெரினாவும் பெசன்ட் நகரும்தான் நினைவுக்கு வரும். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கடல் ஏற்றம் உள்ளே வரும் தூரம்வரை அடையாறு, கூவம், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளுக்கும் மண்டலக் கட்டுப்பாடு பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. கடலையே பார்க்க முடியாத ஆற்றங்கரை வீட்டுக்காரருக்குக் 'கடலோர' அனுமதி கேட்டுக் கடிதம் வரும்போது திகைத்துப்போகிறார்.

விமான நிலையத்தின் அடுக்கு உயரத்தைப் பற்றியது. விமான நிலைய ஆணையம் நகரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நிறமிட்ட வரைபடம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உச்சவரம்பு. அந்த உயரம் உங்கள் தரையிலிருந்து அளக்கப்படுவதில்லை, கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. மேட்டில் உள்ள மனைக்காரருக்குப் பள்ளத்தில் உள்ளவரைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். மீனம்பாக்கத்தைச் சுற்றி இருப்பவர்களும், விமானப்படைத் தளம் இருப்பதால் தாம்பரத்தைச் சுற்றி இருப்பவர்களும் வரைபடம் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

தொல்லியல் துறையின் அடுக்கு வேடிக்கையானது. மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்க வேண்டும். ஆளுநர் எலிஹு யேலின் சிறுவயது மகனைப் புதைத்த கல்லறை, உயர் நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதனால் நீதிமன்றத்துக்கு அடுக்கு வாகன நிறுத்தம் கட்டுவதே சிக்கலாகி, கல்லறையை இடம் மாற்றக் கேட்டு அதே நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. முந்நூறு வருடத்துக்கு மேலான கல்லறை அவ்வளவு பெரிய வளாகத்தையே கட்டிப்போட்டது என்றால் நம் இரண்டு கிரவுண்டு எம்மாத்திரம்.

வேளச்சேரிக்கு இவற்றைவிட முக்கியமான அடுக்கு ஒன்று உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும்வரை அதற்குள்ளும் அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் திட்ட அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் எத்தனையோ வருடமாகக் குடியிருப்பு நிறத்தில் இருக்கும் மனைகள் உண்டு. ஒரு உத்தரவு அடுக்காக வந்து படிந்துவிட்டது. முழுமைத் திட்ட வரைபடத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. வாசகர் முதலில் தம் மனைக்கும் சதுப்புநில எல்லைக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்கட்டும். ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால், அந்த உத்தரவின் இன்றைய நிலை என்ன என்று சி.எம்.டி.ஏ.விலேயே எழுத்தில் கேட்கட்டும். "அது அப்பார்ட்மென்ட் கம்பெனிகளுக்குத்தான், நமக்கில்ல" என்று பில்டர் சொல்வதை எழுத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீர்நிலைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று: பட்டா உங்கள் பெயரில் இருப்பது மட்டும் போதாது. 'அ' பதிவேட்டையும் பழைய கிராம வரைபடத்தையும் எடுத்து, உங்கள் சர்வே எண்ணுக்கு அக்கம்பக்கத்தில் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தரையில் தார்ச்சாலையாக ஓடுவது வரைபடத்தில் வாய்க்காலாக இருக்கலாம்.

சின்ன வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுவதற்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு, நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சுயசான்றில் கையெழுத்துப் போடுவது நீங்கள். மேலடுக்குகளைத் தேடிப் பார்க்கும் வேலை அதிகாரியின் மேசையிலிருந்து உங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். பணம் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்கான கட்டணம் மனையின் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. விகிதம் அரசாணைக்கு அரசாணை மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் உள்ளதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாக பில்டரே அதைக் கட்டுவார். கட்டிவிட்டு, "பாதிப் பாதி என்பது வழக்கமான பரப்புக்கு மட்டும்தான், பிரீமியம் நான் காசு கொடுத்து வாங்கியது, அது எனக்கு" என்பார். கேட்க நியாயமாகவே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான 9,600இல் பாதி, 4,800 சதுர அடி வாசகருக்கு. மொத்தக் கட்டடமோ 12,480. அதாவது அவருடைய பங்கு பாதி இல்லை, நூற்றுக்கு முப்பத்தெட்டரை. நிலத்தில் அவருக்கு மிஞ்சும் பிரிபடாத பாகம், நம் ஊரில் யு.டி.எஸ். என்று சொல்வது, 2,400 சதுர அடிக்குப் பதிலாக 1,846தான். ஏறக்குறைய 554 சதுர அடி நிலம் சத்தமில்லாமல் கை மாறிவிடுகிறது. வேளச்சேரி விலைக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள்.

என் கருத்து இது. அந்தக் கூடுதல் உரிமை பில்டரின் பணத்தால் மட்டும் வந்ததல்ல. உங்கள் மனைக்கு முன்னால் அந்தச் சாலை இருப்பதால் வந்தது. அவர் கட்டணமும் கட்டுமானச் செலவும் போடுகிறார் என்பதால் கூடுதல் பரப்பில் அவருக்குச் சற்று அதிகப் பங்கு கொடுக்கலாம். முழுவதும் அவருக்கு என்பதை ஏற்காதீர்கள்.

பங்கு வீட்டுக்கு எவ்வளவு, நிலத்துக்கு எவ்வளவு என்று இரண்டையும் சதுர அடியில் எழுதச் சொல்லுங்கள். 'சரிபாதி' என்று எழுத்தில் மட்டும் போட்டால் பின்னால் ஆளுக்கொரு பொருள் சொல்லலாம். அதோடு, பெரும்பாலான ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி ஒளிந்திருக்கும்: எதிர்காலத்தில் விதிமாற்றத்தால் கிடைக்கும் எஃப்.எஸ்.ஐ. அனைத்தும், மொட்டைமாடி உரிமையும் கட்டுநருக்கே. அந்த வரியை அடியுங்கள். ஒன்றரையாக இருந்த குறியீடு 2019இல் இரண்டானது. நாளை இரண்டு இன்னும் கூடலாம். இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரைதான், மூன்றாவது திட்டம் தயாராகிறது. அப்போது கூடும் உரிமை வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பவர் பத்திரத்திலும் இதே வரி நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் அடித்துவிட்டு பவரில் விட்டுவிட்டால் அடித்ததற்குப் பயனில்லை.

பெரிய மனைக்காரர்களுக்கு வேறு இரண்டு கணக்கு உண்டு. மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்து சதவீதம் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 வரை நிலத்துக்குப் பதில் பணம் கட்ட வழி உண்டு, அதற்கு மேல் நிலமேதான். சாலை விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்தால் அதற்கு ஈடாக வளர்ச்சி உரிமைச் சான்று, டி.டி.ஆர்., தருவதாக விதி சொல்கிறது. சென்னையில் அது மும்பை அளவுக்குப் புழக்கத்துக்கு வரவில்லை. அதை ரொக்கம் போல நினைத்துக் கடன் வாங்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பழைய அடுக்குமாடியில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை எல்லாம் தங்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரைக் குறியீட்டில் கட்டிய கட்டடத்தை இடித்து இரண்டிலோ 2.6இலோ கட்டும்போது கிடைக்கும் கூடுதல் பரப்புதான் மறுகட்டுமானத்துக்கு பில்டரை வரவழைக்கிறது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும்.

இன்னொரு வாக்கியமும் வாசகரின் காதுக்கு வரும்: "ஒரு தளம் கூடப் போட்டுடலாம், அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்." வரன்முறைக்காக முன்பு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் சேர்த்த 113-ஏ பிரிவு 1999 பிப்ரவரி முடியக் கட்டியவற்றுக்கு, 113-சி பிரிவு 2007 ஜூலைக்கு முன் கட்டியவற்றுக்கு. இனிமேல் கட்டப்போகும் வீட்டுக்கு இரண்டும் பொருந்தாது. 2011 அக்டோபர் கடைசியில் ரங்கநாதன் தெருவின் பெரிய கடைகளுக்குச் சீல் வைத்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பத்து வீட்டுக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் வராது.

ஆகவே வேளச்சேரி வாசகருக்கு: இந்த வாரம் கையெழுத்துப் போடாதீர்கள். சதுப்புநிலத்துக்கு உள்ள தூரத்தை முதலில் பாருங்கள். அது தடுத்தால் மற்றதெல்லாம் பிறகு. அது தடுக்காவிட்டால் சாலையை அளந்து, குறைந்தபட்ச அகலத்தை மீட்டரில் எனக்கு எழுதுங்கள். 9.00 என்று வந்தால் பத்து வீட்டைப் பற்றியும், கூடுதல் மூன்றில் உங்கள் பங்கைப் பற்றியும் பேசலாம். 8.95 என்று வந்தால் உங்கள் மனையில் ஏழு வீடுதான். பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிட்டு பில்டரிடம் பேசுங்கள்.